மார்கழிப் பாத்தி

"ஏண்டி செல்லி, தாலி அறுத்தவளுக்கு எதுக்குடி பூச்செடி?"

மார்கழிப் பனியில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கோவிந்தம்மாள் கேட்டாள். அதியமான்கோட்டையில் அந்தத் தெருவுக்கு நியாயம் சொல்லும் வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டதுதான்.

செல்லி வாசலோரம் பாத்தி கட்டி, சலித்த மண்ணில் செண்டுமல்லி விதையைத் தூவிக்கொண்டிருந்தாள். எறும்பு வராமலிருக்க மேலே சாம்பல். பனிக்கு வைக்கோல்.

"சூடிக்கவா விதைக்கறேன்? விக்கத்தானுங்க அக்கா. மாசி நோம்பிக்குப் பூத்துடும். தர்மபுரி பூக்கடையில எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"மார்கழியில எவளாச்சும் விதை போடுவாளா? நல்ல காரியம் எதுவும் இந்த மாசத்துல ஆவாது, தெரியாதா உனக்கு?"

இப்படிச் சொன்ன அதே கோவிந்தம்மாள்தான் அந்த வாரம் முழுக்க, மகள் ரங்கம்மாளின் கல்யாணப் பேச்சைத் தரகரோடு ரகசியமாக நடத்திக்கொண்டிருந்தாள். ரகசியம் என்பதால் மார்கழிக்குத் தெரியாது போலிருக்கிறது.

மாப்பிள்ளைக்குச் சேலத்தில் ரேஷன் கடையில் வேலை. யுத்த காலத்தில் ரேஷன் கடை மாப்பிள்ளை என்றால் தாசில்தார் மாப்பிள்ளைக்கு ஒரு படி மேல். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. இதுவும் தட்டிவிட்டால்? கோவிந்தம்மாளுக்கு அதுதான் பயம். பயம் உண்மையான பயம்தான். அதைக் கொண்டுபோய்ச் செல்லியின் பாத்தியில் இறக்கியதுதான் வேடிக்கை.

"பொண்ணு பார்க்க வர்றவங்க பக்கத்து வாசல்ல என்னத்தைப் பார்ப்பாங்க? அறுத்தவளும் அவ பூந்தோட்டமும்! காரியம் வெளங்குமா?" என்று கணவர் தர்மனிடம் புலம்பினாள்.

"அது பாட்டுக்கு மண்ணைக் கொத்திக்கிட்டுக் கெடக்குது. உனக்கென்ன?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம இருங்க."

தர்மன் பேசாமல் இருந்தார். அதில் அவருக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

மறுநாள் விடிந்ததும் கோவிந்தம்மாள் ஒரு காரியம் செய்தாள். பிச்சைக்காரனுக்குக்கூட ஒரு பிடி கேழ்வரகு போடாத கை, செல்லியின் பாத்தி மேல் தாராளமாக ஒரு பிடியை வீசியது. பிறகு கோழிக் கூடையைத் திறந்துவிட்டாள்.

கோழிகள் சும்மா இருக்குமா? வைக்கோல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம், விதை கோழி வயிற்றில்.

"அய்யய்யோ, சனியன் புடிச்ச கோழிங்க!" என்று கோவிந்தம்மாளே ஓடிவந்து விரட்டினாள். எல்லாம் முடிந்த பிறகுதான்.

செல்லி வெளியே வந்தாள். மண்ணில் மிச்சம் கிடந்த கேழ்வரகை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய், துணி முடிச்சில் மீதியிருந்த விதையை எடுத்து வந்து, மறுபடி மண்ணைப் பரப்ப உட்கார்ந்தாள்.

அந்தப் பார்வை கோவிந்தம்மாளுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவளுக்கு வீட்டில் வேலை இருந்தது.

தை பிறந்தது. பெண்ணுக்குப் பூ வைக்க நாள் குறித்தார்கள். கோவிந்தம்மாளின் கெட்ட நேரம், மறுபடி போட்ட விதையெல்லாம் முளைத்துச் சாண் உயரத்துக்கு நின்றது. பாத்தி தெரியாமலிருக்க, வேலி நெடுகப் புடவைகளைக் காயப்போட்டாள். அப்புறம் செல்லியிடம் போனாள்.

"இன்னிக்கு ஒரு நாள் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருடி. அவங்க போனப்புறம் வெளிய வா. என் பொண்ணோட வாழ்க்கை."

"சரிங்க அக்கா. ரங்கம் நல்லா இருக்கட்டும்" என்று செல்லி கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொப்பூர் மேட்டில் இரண்டு தடவை இறங்கித் தள்ளவைத்த கரியில் ஓடும் யுத்தகால பஸ், ஒருவழியாக மாப்பிள்ளை வீட்டாரைக் கொண்டுவந்து சேர்த்தது. தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் தாயார் ரங்கம்மாளின் தலையில் பூ வைத்தாள். கோவிந்தம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளையின் தாயாரோடு உட்கார்ந்து வெற்றிலை போடும்போது அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க சம்பந்தி, எங்க குடும்பத்தைப் பத்தி யாருகிட்ட விசாரிச்சீங்க? மணியக்காரர்கிட்டயா?"

"பெரிய மனுசங்க என்னத்தை உள்ளதைச் சொல்லுவாங்க? நானே மார்கழியில ஒரு நாள் காலையில வந்துட்டுப் போனேனுங்க. பக்கத்து வூட்டுப் பொண்ணு, கோழி கிளறின பாத்தியில மறுபடி விதை போட்டுக்கிட்டு இருந்துச்சு. குடிக்கத் தண்ணி கேட்டு, அதுகிட்டதான் பேச்சுக் குடுத்தேன்."

மென்றுகொண்டிருந்த வெற்றிலை கோவிந்தம்மாளின் வாயில் அப்படியே நின்றது.

"என் மூத்த மகளும் அறுத்துட்டு எங்க வூட்டோடதாங்க இருக்கா. வர்ற மருமக அவளை ஒதுக்கி வெச்சுடக் கூடாதேங்கறதுதான் எனக்கு ராப்பகலாப் பயம். அதான் அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டேன், பக்கத்து வூட்டுல உன்னை எப்படித்தான் நடத்தறாங்கன்னு."

"என்ன... என்னங்க சொன்னா?"

"'கோவிந்தம்மா அக்கா என்னை ஒரு நாளும் ஒதுக்கினதில்லைங்க. கோழி வந்து பாத்தியைக் கிளறினாக்கூட அவங்கதான் ஓடியாந்து வெரட்டுவாங்க'ன்னு சொல்லுச்சு. அந்த ஒரு சொல்லுக்குத்தானுங்க இன்னிக்குப் பூ வெச்சேன். ஆமா, எங்க சம்பந்தி, அந்தப் பொண்ணை இங்க காணவே காணோமே?"