பொட்டு ஒட்டிய பட்டன்

கழுத்துச் சுளுக்கு வலப்பக்கம் திரும்பவிடவில்லை. உடம்போடு திரும்பி கம்ப்யூட்டரை ஆன் செய்தாள்.

உலை கொதித்தது. அரிசி போட ஓடினாள்.

ஓடக் கூடாது. அவளுக்கே தெரியும்.

எந்த சிஸ்டத்தில் ஓடவேண்டும் என்று கேட்டு, கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேலே லினக்ஸ், அவள் புருஷன் படிப்புக்கு. கீழே விண்டோஸ், அவள் எம்பிராய்டரி டிசைன் போடுவதற்கு. பத்து நொடிக்குள் யாரும் எதையும் தொடாவிட்டால் மேல்வரி தானாகத் திறந்துகொள்ளும். பழைய பெட்டி. தப்பாகத் திறந்தால், அணைத்துத் திரும்ப எழுப்புவதற்குள் சோறு குழைந்துவிடும்.

அதனால்தான் கீழ் அம்பு பட்டனில் ஒரு வெல்வெட் பொட்டு ஒட்டியிருந்தாள். ஈரக்கையோடு ஓடிவந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

நேற்றுக் காலை அந்தப் பத்து நொடியைத் தவறவிட்டாள்; லினக்ஸ் திறந்துகொண்டது. அவன் அப்போதுதான் சாயப்பட்டறையில் ஷிப்ட் முடித்து வந்திருந்தான். முழங்கை வரை நீலம்.

"ரெண்டு வருசமா இந்த லினக்ஸையே நோண்டறீங்க. இந்த ஊட்டுக்கு ஒரு கைப்பிடி உப்பாச்சும் வந்துச்சுங்களா?"

அவன் குழாயைத் திறந்தான். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நீலம் போகவில்லை. போகாது என்று இருவருக்கும் தெரியும்.

இன்று விடியுமுன்பே பரீட்சைக்குக் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டான். வாசலில் நின்று, "போய்ட்டு வர்றேன்" என்றான்.

அவள் தூங்குவதுபோலக் கிடந்தாள்.

அரிசியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இரண்டு வரியும் இன்னும் இருந்தன. படிக்கவில்லை. தினமும் பார்க்கிற வரிகள்தானே. பொட்டைத் தட்டினாள். எண்டர்.

லினக்ஸ் திறந்தது.

"கெரகம்."

போன் அடித்தது. எம்பிராய்டரி மிஷின் ஓட்டுகிற பெண்.

"அக்கா, மிஷின் சும்மா நிக்குதுங்க்கா. டிசைன் போடறீங்களா, சோறு பொங்கறீங்களா?"

"ரெண்டுந்தான். இரு சாமி."

அணைத்தாள். அடுப்பைச் சிறிதாக்கினாள். திரும்ப எழுப்பினாள். இம்முறை எங்கும் போகவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னாலேயே நின்றாள்.

மேலே விண்டோஸ்.

கீழே லினக்ஸ்.

அந்த வரிசையை மாற்ற அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் இந்த வீட்டில் ஒருவன்தான். நேற்று ராத்திரி வெகுநேரம் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். பரீட்சைக்குப் படிக்கிறான் என்று முதுகைக் காட்டிப் படுத்துவிட்டாள்.

நொடிகள் குறைந்தன. கையைக் கட்டிக்கொண்டாள்.

அவள் தொடாமலே அவளுடையது திறந்தது.

பொட்டை உரிக்க நகத்தை வைத்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள். இனி அது அவனுக்கு வேண்டும். சாயத்தில் வெடித்த விரல். தடவித்தான் தேடும்.

போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். பரீட்சை தொடங்கியிருக்கும்.

டிசைனைப் போட்டு மிஷினுக்கு அனுப்பியாயிற்று. சோற்றையும் வடித்தாயிற்று. கொஞ்சம் குழைந்துதான் போயிருந்தது.

வாசலைப் பார்த்தாள்.

'போய்ட்டு வாங்க.' அந்த ஒரு சொல் அவனுக்கு இன்னும் பாக்கி.