எரியாத விளக்கு

"பச்சை வந்துருச்சாண்ணே?"

உள்ளறை வாசலில் நின்று எட்டிப்பார்த்த சிறுமி கேட்டாள். ரவுட்டரைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ரமேஸுக்குச் சிரிப்பு வந்தது. இன்டர்நெட் கிடைத்தால் கடைசி விளக்கு பச்சையாக எரியும் என்பதைப் போன தடவை அவன் வந்தபோதே அவள் கவனித்து வைத்திருக்கிறாள்.

"இன்னும் இல்லம்மா. போய் ஒக்காரு."

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த அந்த வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் அலுவலகத்துக்கு, ஒரே பழுதுக்காகக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து அவன் வருவது இது மூன்றாவது முறை.

"இந்தப் புள்ளையோட பேப்பர் இன்னைக்குள்ள ரியாத்துக்குப் போகணும்," என்றார் அலுவலகத்தின் முதலாளி. "போகலன்னா அந்த வீட்டுக்காரன் வேற ஆள எடுத்துக்குவான். லைன் வரலன்னு வையி, ஒன் கடையில சொல்லி ஒன்னய வேலையில இருந்தே தூக்கிருவேன்."

அவர் தன் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரிடமோ சிங்களத்தில் கத்துவது கேட்டது.

வெளியறை பெஞ்சில் சிறுமியின் பக்கத்தில் அவளுடைய சித்தப்பா உட்கார்ந்திருந்தார். தோடம்பழம் ஒன்றை உரித்துச் சுளையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சுபாஜினி போயிட்டா வீடே வெறிச்சுன்னு ஆயிரும் தம்பி," என்றார் ரமேஸைப் பார்த்து. குரல் கம்மியிருந்தது. பாவம், பாசமுள்ள மனுஷன் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் கம்ப்யூட்டரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தான். போன தடவை அவன் போட்டுவிட்டுப் போன பெயரையும் பாஸ்வேர்டையும் காணவில்லை. கடையில் புதிதாக வாங்கிய பெட்டி போல எல்லாம் வெறுமையாக இருந்தது. இது மின்வெட்டாலோ இடியாலோ வந்த பழுதில்லை. பெட்டியின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அதற்குள் இருக்கும் பொத்தானைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால்தான் இப்படி ஆகும்.

அந்த அறையில் இருந்தது தயானி மட்டுந்தான். கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையிலேயே தங்கிவிட்டவரின் மகள். இந்த முகவர் அலுவலகத்தில் கிளார்க்.

"அக்கா, இத யாரோ வேணும்னே அமுக்குறாங்க."

டைப் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. தயானி வாசலைப் பார்த்தாள். முதலாளியின் குரல் தூரத்தில் கேட்டது.

"நான்தான் தம்பி," என்றாள். "அந்தப் பிள்ளைக்குப் பதினைஞ்சு வயசு. பாஸ்போட்டில இருபத்திரண்டு எண்டு போட்டிருக்கினம். போன வருசம் இஞ்சயிருந்து போன ஒரு பிள்ளை சவப்பெட்டியிலதான் திரும்பி வந்தது. தாயோட கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குப் போய் அந்தப் பெட்டியை எடுத்தது நான்."

"முதலாளி வேற எடத்துல குடுத்து அனுப்பிட்டா?"

"கள்ளப் பேப்பரை வெளியில காட்ட அவருக்குப் பயம். இண்டைக்கு மட்டும் லைன் வராட்டில் போதும். பிள்ளை வீட்ட போகும். திரும்பப் பள்ளிக்கூடம் போகும்."

ரமேஸ் கையிலிருந்த ரவுட்டரைப் பார்த்தான். ஹாலி-எல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன் அவன். அந்த லயத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தது அவன் ஒருவன்தான். இதுவும் போனால் வேறு வேலை எங்கே தேடுவது? கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சுபாஜினி பெஞ்சின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கால் தரையைத் தொடவில்லை.

அவன் ரவுட்டரின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

முதலாளி திரும்பி வந்ததும் சொன்னான்: "இடியில எரிஞ்சு போச்சுங்க. புதுசு கொழும்புல இருந்துதான் வரணும்."

அவர் கையிலிருந்த ஃபைலை மேசையில் அடித்தார். அங்கேயே கடைக்குப் போன் போட்டார். ரமேஸ் காதுபடவே, "இவன இனி இந்தப் பக்கம் அனுப்பாதீங்க. இவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது," என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தயானி அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு டைப் அடிக்கத் தொடங்கினாள்.

வெளியறைக்கு வந்ததும் ரமேஸ் சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னான்: "இந்த வேல சரிவராதுங்க. புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சிறுமியின் பையைத் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டி பிடிக்கப் படியிறங்கினார். வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் ரமேஸுக்குத் தோன்றியது. நெஞ்சு லேசாகியிருந்தது.

படியில் கால் வைத்தபோது, பின்னாலிருந்து யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சுபாஜினி.

"நீங்க நெனச்சா சரி பண்ணிரலாம்லண்ணே? பண்ணிக் குடுங்கண்ணே."

"ஒனக்குப் பதினஞ்சு வயசும்மா. பொய் வயசு போட்டு ஒன்னய ஏமாத்தப் பாத்துருக்காங்க. வீட்டுக்குப் போய் நல்லாப் படி."

அவள் கீழே எட்டிப்பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"யாரும் ஏமாத்தலண்ணே. வயசக் கூட்டிப் போடச் சொல்லி ஏஜென்ட் கால்ல விழுந்தது நான்தான். அம்மா குவைத்துக்குப் போனதுல இருந்து வீட்ல நானும் சித்தப்பாவும் மட்டுந்தான்... என்னய வீட்டுக்கு மட்டும் அனுப்பிராதீங்கண்ணே."

கீழே முச்சக்கர வண்டி வந்து நின்றது. சித்தப்பா அவளுடைய பையை உள்ளே வைத்துவிட்டு, "வாம்மா, வீட்டுக்குப் போவோம்," என்று சிரித்தபடி படியேறி வந்துகொண்டிருந்தார்.