எல்க் வராத புல்வெளி

"அம்மாடி, நீ எல்க் வேட்டைக்கு இடம் பாக்குறியா, இல்ல வண்டி நிறுத்த இடம் பாக்குறியா?"

ஆர்வின் கேட்டதும் மேவிஸின் சாப்பாட்டுக் கடையே சிரித்தது. எதிரே வரைபடத்தை விரித்து வைத்திருந்த ஜோலின் கோபப்படவில்லை. பேன்கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ஊருக்கு அவள் புதுசு. இது தனக்கு முதல் எல்க் மான் வேட்டை என்று அவளேதான் சொன்னாள். அப்படி யார் வந்து நின்றாலும் மேவிஸ் அவர்களை ஆர்வின் மேஜைக்குத்தான் அனுப்புவாள். கடைச் சுவர் முழுக்கத் தொங்கும் கொம்புகளில் பாதிக்கு மேல் அவர் கொண்டுவந்தவை.

"நான் சொல்றதக் கேளு. வடக்குச் சரிவுல ஏறு. அங்க அடர்ந்த காடு. பகல் பூரா அதுங்க அங்கதான் படுத்துக் கெடக்கும். காத்து உன் மூஞ்சில அடிக்கிற மாதிரி பாத்துப் போகணும். உன் வாடை பட்டுதுன்னு வையி, அவ்வளவுதான், அடுத்த மலைக்கு ஓடிரும்."

"அவ்வளவு உசரம் ஏறணுமா?"

"பின்ன? எல்க் என்ன, உன் வீட்டுக் கதவத் தட்டுமா? நான் வருஷா வருஷம் இருட்டோட கெளம்பி ஏறுறேன். சுட்டதக் கூறு போட்டு முதுகுல சுமந்து எறக்குறேன். அது வேட்டை!"

ஜோலின் வரைபடத்தில் சாலை வளையும் இடத்தில் விரலை வைத்தாள். "நான் இந்தப் புல்வெளிய நெனச்சேன். ஓடைக்குப் பக்கத்துல. பின்னாடி மண்மேடு இருக்கு, குண்டு தவறினாலும் அதுலதான் போய்ச் சொருகும். சாயங்கால வெயில் நேரா விழும். பளிச்சுன்னு தெரியும்."

"யாருக்கு? ரோட்டுல போறவனுக்கா?"

"ஆமா, ரோட்டுலேர்ந்து பாத்தா ரொம்ப நல்லாத் தெரியுது."

ஆர்வின் தலையில் அடித்துக்கொண்டார். "நான் தெனம் வீட்டுக்குப் போற வழி அது. அங்க பசு மாடுகூட நிக்காது! அதோட இன்னொண்ணு தெரிஞ்சுக்கோ. வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு ரோட்டுலேர்ந்து சுடறது குத்தம். லைசென்ஸ் போகும், துப்பாக்கியும் போகும். அப்படிச் சுடறவனெல்லாம் ஆம்பளையா?"

"சரிதான் பெரியவரே. இருந்தாலும் நான் அந்த இடத்தையே வச்சுக்கறேன்."

"வச்சுக்கோ, வச்சுக்கோ. நாளைக்கு சீசன் கடைசி நாள். வெறுங்கைய வீசிக்கிட்டு வா, சிரிக்க நாங்க இருக்கோம்."

காப்பியை நிரப்ப வந்த மேவிஸ் சுவரைக் காட்டினாள். "அவளச் சொல்லுறது இருக்கட்டும். உங்க ஆணி இன்னும் காலியாத்தான் இருக்கு, ஆர்வின். இந்த வருஷக் கொம்பு எங்க?"

மறுபடியும் கடை சிரித்தது. இந்தத் தடவை ஆர்வின் சிரிக்கவில்லை. நாளைக்குள் அந்த ஆணியில் ஒரு கொம்பு தொங்காவிட்டால், இந்த மேஜையில் உட்கார்ந்து யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க முடியாது.

மறுநாள் அவர் மலையடிவாரம் வரைக்கும் போனார். வடக்குச் சரிவை அண்ணாந்து பார்த்தார். வலது முழங்கால் அப்போதே முனக ஆரம்பித்தது. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சாண்ட்விச்சைத் தின்று, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, வெயில் சாயும் நேரத்தில் வீட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

போகிற வழியில் அந்தப் பெண் எப்படி முழிக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஓடைப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டினார். அவளையும் காணோம், அவள் வண்டியையும் காணோம்.

புல்வெளி நடுவில் எல்க் நின்றது.

ஆர்வின் சட்டென்று வண்டியை நிறுத்தினார். எத்தனை பெரிய கொம்பு! சாயங்கால வெயிலில் உடம்பெல்லாம் பொன்னாக மின்னியது. இறங்கி, வேலியைத் தாண்டி, முறைப்படி சாலையை விட்டுத் தள்ளிப்போய்ச் சுடலாம்தான். அதற்குள் அது ஓடிவிட்டால்? முன்னும் பின்னும் பார்த்தார். ஈ காக்கை இல்லை. கண்ணாடியை இறக்கி, துப்பாக்கியை ஜன்னலில் சாய்த்துச் சுட்டார்.

எல்க் அசையவில்லை.

"தப்பிப் போச்சா? இவ்வளவு கிட்டத்துலயா?"

மறுபடியும் சுட்டார். எல்க் நிதானமாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. மூன்றாவது குண்டுக்கு வாலை ஆட்டியது. ஆயுசில் முதல் தடவையாக ஆர்வினுக்கு ஒரு மானைப் பார்த்துப் பயம் வந்தது.

சாலையோரப் புதரிலிருந்து யாரோ எழுந்து வந்தார்கள். ஜோலின். ஒரு கையில் குட்டி ரிமோட் இருந்தது. மறு கை சட்டையில் குத்தியிருந்த வனவிலங்குக் காவல் துறை வில்லையைத் தொட்டுக் காட்டியது.

"துப்பாக்கியக் கீழ வைங்க பெரியவரே, அது வெறும் பொம்மை," என்றாள் சிரித்துக்கொண்டே. "அத எங்க நிறுத்தினா நீங்க வண்டிய நிறுத்துவீங்கன்னு தெரியல, அதான் நேத்து உங்ககிட்டயே கேட்டேன்."