ஆதரவு எழுதிய சுவர்

பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே ஓட்டு கேட்டு எழுதிவிட்டார்கள்.

எழுதச் சொன்னது கல்வி நலக் குழுவின் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ். அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை டெய்சி, அவர் மனைவி. தொண்ணூற்றாறு சட்டமன்றத் தேர்தல். அரசாங்கச் சுவரில் ஒரு எழுத்து இருந்தாலும் கேஸ் என்று கெடுபிடி. போதாததற்கு அந்தப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு இருவரும் வரும்போதுதான் பார்த்தார்கள். ஆளுயர நீல எழுத்து. 'கல்வி நலக் குழுவின் ஆதரவு பெற்ற வேட்பாளர் முத்துக்கிருஷ்ணன்.'

"ஏங்க, என்னங்க இது?"

"பிள்ளைகளைப் பெத்தவங்க கண்ணுல படுற எடமாப் பார்த்து எழுதுய்யான்னு பெயின்டர்கிட்ட சொன்னேன். அதுக்காக இங்கயா?"

"அவன் சரியாத்தான் எழுதியிருக்கான். இந்த மாசக் கடைசியில நான் ரிட்டயர்டு. இப்ப சஸ்பெண்டு பண்ணினா பென்ஷன் நின்னு போகும். புருஷன் எழுதச் சொன்னது பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னா எவன் நம்புவான்?"

ஸ்தனிஸ்லாஸ் நகத்தால் எழுத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

எதிரே இட்லிக்கடை வைத்திருக்கும் சிவனம்மாள் தன் பங்குக்கு வந்து சொன்னாள்.

"பொம்மையன் ஆளுக காலையிலயே பார்த்துட்டாக டீச்சர். தாலுகா ஆபீசுல எழுதிக் கொடுக்கப் போயிருக்காக. பின்னாடியே அவரும் வந்தாரு. டீச்சரம்மா எப்ப ரிட்டயர்டுன்னு கேட்டாரு. இந்த மாசம்னேன். ஒண்ணும் பேசாம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு."

"பழி வாங்குறான்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அவர் அப்படி நினைக்கக் காரணம் உண்டு. பொம்மையன் எதிர் வேட்பாளர். வடமதுரைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருப்பவர். யாரை ஆதரிப்பது என்று முடிவு பண்ண, குழு வேட்பாளர்களைக் கூப்பிட்டு வரிசையாகக் கேள்வி கேட்டது. முத்துக்கிருஷ்ணன் தாய்மொழிக் கல்வி, பெண் கல்வி என்று மூச்சு விடாமல் பேசினார். கைதட்டினார்கள். அடுத்து பொம்மையன்.

"உங்கள் கல்விக் கொள்கை என்ன?"

"எம்மக டெய்சி டீச்சர்கிட்ட படிச்ச பிள்ளை. இன்னைக்கு நர்சா இருக்கு. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

சிரித்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

இப்போது சுவரை அழிக்க வேண்டும். எழுதிய பெயின்டர் ஒட்டன்சத்திரம் போய்விட்டான். கடைகள் பூட்டு. முத்துக்கிருஷ்ணனிடம் ஆள் இருக்கும் என்று ஸ்தனிஸ்லாஸ் டி.வி.எஸ். வண்டியை எடுத்தார்.

ஆட்கள் இருந்தார்கள். சுவர் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் வாசலில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துக்கிருஷ்ணன்தான் உள்ளே கூட்டம் என்று உச்சிவெயில் வரை காக்க வைத்தார்.

"ரெண்டு ஆளை அனுப்புங்க. அழிக்கணும்."

"எதுக்கு சார் அழிக்கணும்? பள்ளிக்கூடத்துச் சுவத்துல கல்விக் குழுவோட ஆதரவு. இதைவிட எடுப்பா எனக்கு எங்க அமையும்?"

"டெய்சிக்கு வேலை போயிரும்யா."

"நான் ஜெயிச்சு வந்து பார்த்துக்கறேன். டீச்சரம்மாவைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க. டீ சாப்டுங்க."

ஸ்தனிஸ்லாஸ் டீ சாப்பிடவில்லை.

திரும்பி வந்தால், பள்ளிக்கூடத்து வாசலில் ஜீப் நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தார்.

சுவர் வெள்ளையாக இருந்தது. ரெண்டு பூச்சு அடித்திருந்தது. சித்திரை வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

ஜீப்பில் வந்த அதிகாரி டெய்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புகார்ல நீல எழுத்துன்னு இருக்கு. எங்கம்மா?"

"நீங்களே பார்த்துக்கங்க சார்."

அதிகாரி சுவரைத் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது. விரலைப் பார்த்தார். டெய்சியைப் பார்த்தார்.

"சாவடிக்கு வெள்ளையடிச்சு சுத்தமா இருக்குன்னு எழுதிக்கிறேன்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஜீப் போனதும் ஸ்தனிஸ்லாஸ் கேட்டார். "யாரு அடிச்சது?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க போன நேரத்துல இருந்து வீட்டுக்குள்ள ஜெபமாலையும் கையுமா உக்காந்திருந்தேன். ஜீப்பு சத்தம் கேட்டுத்தான் வெளிய வந்தேன்."

இரண்டு பேரும் இட்லிக்கடைக்குப் போனார்கள். சிவனம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரைச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு சார்."

"அட, சொல்லும்மா. தேர்தல்ல நிக்கிறவர் யாராச்சும்னா, குழுவைக் கூட்டி ஆதரவை அவருக்கே மாத்திப்புடுறேன்."

"அதுக்குத்தான் சொல்ல வேணாம்னாரு. தெரிஞ்சா அதையும் எந்தச் சுவத்துலயாவது எழுதித் தொலைச்சிருவாகளாம்."

காலையிலிருந்து இறுகிக் கிடந்த டெய்சி சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு சிவனம்மா. ஜெபத்துல பேர் சொல்லணும்ல."

சிவனம்மாள் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள்.

"வண்டியில சுண்ணாம்பக் கொண்டாந்து எறக்கி, வேட்டிய மடிச்சுக் கட்டி, அவரேதான் டீச்சர் வெள்ளையடிக்கிற மட்டையப் பிடிச்சாரு. கூட வந்த ஆளுக மொறைச்சுக்கிட்டே நின்னாக. ஒருத்தனையும் தொட விடல."

"யாரு?"

"பொம்மையன்."