நான் ஓட்டிய போர் விமானம்

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றே கொட்டிப்போகட்டும்.

மைதானத்தில் என் போர் விமானம் நின்றது. தெர்மோகோல் உடம்பு, பால்சா மர இறக்கை, மூக்கில் மின் மோட்டார். ஒட்டியது, தேய்த்தது, பச்சை வண்ணம் பூசியது எல்லாம் நானே. இதற்கு முன் நான் கட்டியவை எல்லாம் ஒன்று விடாமல் குப்பைக்கூடையில்தான் தரையிறங்கின.

அதனால்தான் பந்தயம். இதுவும் விழுந்தால் நான் விமானம் கட்டுகிற அறை மைத்துனனுக்கு. என் மனைவியின் தம்பி. குடிவருவதற்குப் பெட்டிகளைக் காரிலேயே கொண்டுவந்திருந்தான். குறட்டையையும்தான்.

"மாமா, கட்டிலை ஜன்னல் பக்கமா போட்டுக்கட்டுமா?"

"முதல்ல மேலே பாருடா" என்றேன்.

மனைவி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. இதே விமானத்தை ஓட்டக்கூடிய இன்னொரு ரிமோட்டும் அதில் கிடந்தது. ஆசை வந்தால் பழகட்டுமே என்று நான் வாங்கித் தந்தது. அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

கிளப்புவதற்கு முன் ரிமோட்டை அசைத்து, விமானத்தின் வால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு. நான் விசையை நேராக முன்னே தள்ளினேன்.

சற்று யோசித்துவிட்டு விமானம் கிளம்பியது.

ஒரு பருந்து துரத்தி வந்தது. நான் இடப்பக்கம் தள்ளினேன். விமானம் வலப்பக்கம் திரும்பியது. எதிரியைக் குழப்புகிற உத்தி. பருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டது.

அப்போது பார்த்து எனக்குத் தும்மல். ரிமோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்தினேன். அந்த நேரத்தில்தான் விமானம் தலைகீழாகப் புரண்டு, மைத்துனனின் தலையை உரசிப் போய், அங்கே இருந்த நாலு முடியையும் வகிடெடுத்துச் சீவிவிட்டது. கை வைக்காமலே ஓட்டுகிற அளவுக்கு நான் தேறியிருந்தேன்.

கடைசியில் சக்கரங்களை இறக்கி, பூவை வைக்கிற மாதிரி தரையைத் தொட்டு, மனைவியின் செருப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

மைதானமே விசிலடித்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார்கள்.

மைத்துனன் பெட்டிகளோடு காரைத் திருப்பினான். "பார்த்துப் போடா" என்று அக்கா கையசைத்தாள். தம்பியை வழியனுப்புகிற முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, பல மாதமாக நின்றுகிடந்த சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன், உள்ளே என் ரிமோட்டின் பேட்டரி.