ஆறாவது கொடி

ஏழு கல்லூரிகள் சேர்ந்து நடத்திய விளையாட்டுக் கூட்டமைப்பை விட்டு ஆறாவது கல்லூரியும் விலகிவிட்டது. ஏழாவது கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் மார்லிஸ் ஏணியில் ஏறி, ஜிம் சுவரிலிருந்து அந்த ஆறாவது கல்லூரியின் கொடியைத் தானே அவிழ்த்தாள். மிச்சம் அவள் கல்லூரிக் கொடி மட்டும்தான்.

விலகிய கல்லூரியின் இயக்குநர் வெர்லின் கீழே நின்றிருந்தான். நேரில் சொல்லிவிட்டுப் போக வந்தவன்.

"மத்தவங்க போனதுகூட எனக்கு வலிக்கலை வெர்லின். நீ போவேன்னு நினைக்கலை. சரி, எங்க சேரப் போறீங்க?"

"புதுசா ஒரு கூட்டமைப்பு."

"அதுல யார் யாரு?"

வெர்லின் தொப்பியைக் கையில் சுழற்றினான். "ஏற்கெனவே போன அஞ்சு பேரும்தான்."

மார்லிஸ் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நாங்க மட்டும்தான் வேண்டாம்."

"உங்க ஊருக்குப் பனியில எட்டு மணி நேரம் பஸ், மார்லிஸ். பசங்க பாவம்."

"அதுக்கு எங்களை நேரா வெளியே அனுப்பியிருக்கலாமே. எதுக்கு ஒவ்வொருத்தரா நழுவுற நாடகம்?"

"அனுப்ப முடியாதே. எந்தக் கல்லூரியையும் வெளியேத்தக் கூடாதுன்னு விதி இருக்கு."

அது மார்லிஸுக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் வெர்லினின் கல்லூரியைத் துரத்த மற்ற ஐவரும் கிளம்பியபோது, அவர்களோடு சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவள் அவள்தான்.