டப்பா மாவும் ஒட்டியாணமும்

"மூச்ச இழுத்துப் புடிங்க! இன்னும் கொஞ்சம்!"

"இதுக்கு மேல இழுத்தா வயிறு முதுகு வழியா வெளிய வந்துரும் புள்ள!"

நிஷாந்தி கையை விட்டாள். புருஷன் சின்னராசாவின் இடுப்பில் பித்தளை ஒட்டியாணத்தின் இரண்டு முனைகளும் நாலு விரல் தள்ளி நின்று, சண்டைபோட்ட சம்பந்திகள் மாதிரி முறைத்துக்கொண்டன.

ரதி-மன்மதன் கதையாடும் காமன் கூத்துக்கு இன்னும் ஒரு மாதம். பதினோரு வருடமாக அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ரதி என்றால் சின்னராசாதான். சேலை கட்டி, சலங்கை கட்டி அவர் ஒரு சுற்று ஆடினால், பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள்கூட "நமக்கு இந்த இடுப்பு இல்லையே" என்று பெருமூச்சு விடுவார்கள். போன வருடம் மலை வேலையிலிருந்து பேக்டரி வாசல் காவலுக்கு மாறினார். நாற்காலி கிடைத்தது. நாற்காலியோடு தொப்பையும் கிடைத்தது.

ஒட்டியாணம் பாட்டன் காலத்துக் கூத்துச் சொத்து. அதை வெட்டவும் கூடாது, ஒட்டவும் கூடாது. மாசி அமாவாசையன்று கோயில் வாசலில் யார் இடுப்பில் அது பூட்டுகிறதோ, அவருக்குத்தான் ரதி வேஷம்.

"பேசாம தெனமும் மேட்டுக் கோயில் வரைக்கும் நடங்க. ராத்திரிச் சோத்தக் கொறைங்க. கீரை சாப்பிடுங்க," என்றாள் நிஷாந்தி.

"நடந்தா கால்தான் வலிக்கும், வயிறு எங்க கொறையும்? பேச்சப் பாரு!"

மறுநாளே ஹட்டன் டவுனுக்குப் போய் ஒரு பெரிய டப்பாவோடு வந்தார். டப்பாவின்மேல் வயிறே இல்லாத ஒருவன் சட்டையும் இல்லாமல் நின்றான்.

"கடையில கூட்டம். வாயத் தொறந்து கேக்க வெக்கமா போச்சு. வயித்தத் தட்டிக் காட்டுனேன், எடுத்துக் குடுத்துட்டான். இங்கிலீசுல என்னா போட்டிருக்குன்னு படி புள்ள."

பத்தாம் வகுப்பு வரை படித்த நிஷாந்தி, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா இருமுற?"

"ஒண்ணுமில்லீங்க. காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர். குடிச்ச கையோட மேடு ஏறி எறங்கணுமாம், ரெண்டு தடவ. இல்லாட்டி மருந்து வேல செய்யாதாம்."

"அப்புறம்?"

"ராத்திரி சோறு கூடாது. கீரையும் பருப்பும். சாராயத்தத் தொடவே கூடாது, பெரிய எழுத்துல போட்டிருக்கு."

"அட பாவிகளா!"

"ஞாயித்துக்கெழம வெறகு பொளக்கணும்."

சின்னராசா சந்தேகமாகப் பார்த்தார். "வெள்ளக்காரன் வெறகப் பத்தியெல்லாமா எழுதுவான்?"

"அவனும் குளுரு நாட்டுக்காரன்தானே, அடுப்பு இருக்காதா? மாவ நாந்தான் கலக்குவேன். நீங்க டப்பாவத் தொட்டா அளவு தப்பிரும்."

விலை கொடுத்து வாங்கிய டப்பா ஆயிற்றே! சின்னராசா விடியலில் மேடு ஏறினார், இறங்கினார். வல்லாரைக் கீரையை மாடு மாதிரி மென்றார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "எல்லாம் டப்பா செய்யிற வேல" என்றார்.

ஒரே ஒரு எரிச்சல், அதே தோட்டத்துப் பையன் திலக்ஷன். ஹட்டனில் போன் கடையில் வேலை, ஈர்க்குச்சி உடம்பு, ரதி வேஷத்தின்மேல் ஆசை. "எதுக்கும் அந்தத் தம்பிக்கும் ஆட்டம் சொல்லிக் குடு" என்று கூத்து மாஸ்டர் சொல்லிவிட்டதால், தினமும் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிடுவான். நிஷாந்தி அவனுக்குப் பெரிய கோப்பை நிறையப் பால் காய்ச்சிக் கொடுப்பாள்.

"என் வேஷத்தப் பறிக்க வந்தவனுக்குப் பாலா ஊத்துற? எனக்கு மட்டும் கீரையா?"

"வீடு தேடி வந்த புள்ளைய வெறும் வாயோட அனுப்புறதா? நீங்க ஆட்டத்தப் பாருங்க."

அமாவாசை வந்தது. கோயில் வாசலில் தப்பு மேளம் முழங்கியது. முதலில் திலக்ஷன். மாஸ்டர் ஒட்டியாணத்தைச் சுற்றினார், இழுத்தார், முட்டியை ஊன்றி இழுத்தார். பூட்டவில்லை.

"என்னாடா தம்பி? தை மாசம் இது ஒனக்கு லொடலொடன்னு கழண்டு விழுந்துச்சே!"

"அதான் மாஸ்டர் எனக்கும் வெளங்கல," என்றான் திலக்ஷன், கன்னமெல்லாம் மினுமினுக்க.

அடுத்து சின்னராசா. மூச்சைக்கூட இழுக்கவில்லை. 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. கூட்டம் கைதட்ட, அவர் அங்கேயே இடுப்பை வெட்டி ஒரு சுற்று ஆடிக் காட்டினார். பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா திருஷ்டி கழித்தாள்.

சந்தோஷத்தில் சின்னராசாவுக்கு மனசு விரிந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி டப்பாவைக் கொண்டுவந்து திலக்ஷனின் கையில் திணித்தார். "இந்தா தம்பி, கவலப்படாத. அடியில மிச்சம் கெடக்கு. கரச்சிக் குடி, ஒரே மாசத்துல என்னய மாதிரி ஆயிருவ!"

திலக்ஷன் டப்பாவைப் படித்தான். "அண்ணே, இது மெலியிறதுக்கு இல்ல. நோஞ்சானா இருக்கவங்க ஒடம்பு ஏத்துறதுக்கு!"

சின்னராசா நிஷாந்தியைப் பார்த்தார். அவள் அவர் காதோரம் வந்தாள்.

"ஒங்களுக்கு நான் கலக்குனது குரக்கன் மாவுங்க, அதான் கேவுரு மாவு."

"அப்ப டப்பாவுல இருந்த மாவெல்லாம் எங்க போச்சு புள்ள?"

அவள் பதில் சொல்வதற்குள், டப்பாவுக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்த திலக்ஷன் கண்ணை அகல விரித்தான்.

"அட, நீங்க தெனமும் எனக்குப் பால்ல போட்டுக் குடுக்குற அதே மாவு! இத எங்க வாங்குனீங்க அக்கா?"